மேலாண்மை ஆராய்ச்சி நம்ம பட்டறைக்குள் வந்து சேராதது ஏன்? – வடசென்னை சிறுதொழில் விவாத இழை

வியாசை பட்டறை:
எல்லோருக்கும் வணக்கம். வியாசர்பாடி எஸ்டேட் பக்கம் மெஷினிங் பட்டறை வைத்திருக்கிறேன். லேத், மில்லிங், ஒரு பழைய சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் மெஷின்). பெரும்பாலும் ஜாப் ஒர்க். ரயில் பெட்டி உதிரி, பம்ப் பாகம் என்று எந்த டிராயிங் வருகிறதோ அது.

ரொம்ப நாளாக மனதில் இருப்பதை இங்கே வைக்கிறேன். வருடா வருடம் மேலாண்மை படிக்கிற பிள்ளைகள் கேள்வித்தாளோடு வருகிறார்கள். 'முற்றிலும் உடன்படுகிறேன்' முதல் 'முற்றிலும் மறுக்கிறேன்' வரை ஐந்து கட்டம், ஒவ்வொரு வரியிலும் ஒரு டிக். 'உங்கள் நிறுவனத்தின் தலைமை, மாற்றத்தை ஊக்குவிக்கிறது' என்று ஒரு வரி இருக்கும். அதில் எந்தக் கட்டத்தில் டிக் போட்டாலும் என் பட்டறையைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. மதியம் ஒரு ஜாப் முடிந்து அடுத்ததற்கு மெஷினின் செட்டிங் மாற்றும்போது ஏன் அவ்வளவு நேரம் மெஷின் சும்மா நிற்கிறது, ஒரே டிராயிங்குக்கு ஒரு மாதம் ரிஜெக்‌ஷன் இல்லாமல் போய் அடுத்த மாதம் ஏன் திரும்பி வருகிறது, இதையெல்லாம் யாரும் கேட்டதில்லை. தாளை வாங்கிக்கொண்டு போனவர்களிடமிருந்து 'இதுதான் தெரிய வந்தது' என்று ஒரு வரிகூட வந்ததும் இல்லை. பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. ஏற்பாடே அப்படி இருக்கிறது.

அதே நேரம் நல்ல ஆராய்ச்சி இல்லாமலும் இல்லை. நிக்கோலஸ் புளூம் என்ற பொருளாதார ஆய்வாளரும் அவருடன் சேர்ந்தவர்களும் மும்பைக்குப் பக்கத்தில் உள்ள நெசவாலைகளில் செய்த ஆய்வு 2013இல் வெளியானது. மொத்தம் 17 கம்பெனி, 28 ஆலை. அதில் சில ஆலைகளைக் குலுக்கலில் எடுத்து, ஆலோசகர்களை உள்ளே அனுப்பி, இயந்திரப் பராமரிப்பு, தரப் பதிவு, சரக்குக் கணக்கு மாதிரி 38 நடைமுறைகளைப் பழக்கிவிட்டார்கள். முதல் வருடத்திலேயே உற்பத்தித் திறன் 17 சதவீதம் ஏறியது. லேபிள் இல்லாமல் குவிந்த நூல், தரையில் கிடக்கும் கழிவு, கெட்டுப்போன துணியைச் சரிசெய்யவே ஒரு பெரிய கூட்டம் என்று அவர்கள் எழுதியதைப் படித்தபோது, எங்கள் தெருவை வந்து பார்த்துவிட்டுப் போய் எழுதினார்களோ என்று தோன்றியது.

அப்படியானால் இது ஏன் நம்மிடம் வந்து சேரவில்லை? இங்கே படித்தவர்கள், பெரிய கம்பெனியில் வேலை பார்த்தவர்கள், கடை நடத்துபவர்கள் எல்லோரும் இருக்கிறீர்கள். உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

மண்ணடி இரும்புக்கடை:
அண்ணே, நேராகச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நமக்குப் பிரச்சினை அறிவு இல்லாதது அல்ல. பணம் வராததுதான். சரக்கு போய் மூன்று மாதம் ஆகியும் பெரிய பார்ட்டி பணம் கொடுப்பதில்லை. 2006ஆம் வருட குறு, சிறு தொழில் சட்டத்தில், வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று தெளிவாக இருக்கிறது. தாமதமானால் வட்டி என்றும் இருக்கிறது. வருமான வரியிலும் புதிய பிரிவு போட்டு, குறு, சிறு தொழிலுக்குக் காலத்தில் பணம் கொடுக்காவிட்டால் அந்த வருடம் செலவாகக் காட்ட முடியாது என்றார்கள். ஆனால் கேஸ் போட்டால் அடுத்த ஆர்டர் கிடைக்காது என்ற பயத்தில் எத்தனை பேர் வாயைத் திறக்கிறோம்? பட்டறைக்குள் இருக்கிற அலமாரிக்கு லேபிள் ஒட்டச் சொல்லிக் கொடுக்கிற ஆராய்ச்சி, வாங்குகிறவன் பக்கம் திரும்பிப் பார்ப்பதே இல்லை. எனக்கு உறுத்துவது அதுதான்.

தண்டையார்பேட்டை ஆய்வு மாணவி:
வியாசை அண்ணா, மண்ணடி அண்ணா, இரண்டு பேருக்கும் வணக்கம். நான் மேலாண்மையில் பிஎச்டி செய்கிறேன். தலைப்பு சிறுதொழில் என்பதால் இந்த இழையை விட்டுப் போக மனம் வரவில்லை.

முதலில் கேள்வித்தாள். அது ஏன் அப்படி இருக்கிறது என்றால், முன்பே வேறு நாட்டில் சோதித்துப் பார்த்த அளவுகோலை எடுத்தால் கட்டுரையை ஏற்றுக்கொள்வது சுலபம். உங்கள் செட்டிங் நேரத்தைப் பற்றிய கேள்விக்கு அப்படிச் சோதித்த அளவுகோல் கிடையாது. அதை நானே உருவாக்க வேண்டும், அதற்கு உங்கள் பட்டறையில் வாரக்கணக்கில் நிற்க வேண்டும். எம்பிஏ பிராஜெக்ட்டுக்குக் கொடுக்கிற காலத்தில் அது நடக்காது. அதனால் எல்லோரும் தாளைத் தூக்கிக்கொண்டு வருகிறோம்.

இனி அந்த நெசவாலை ஆய்வு. அதில் பலரும் கவனிக்காமல் விடுகிற விஷயம், ஆலோசகர்கள் எவ்வளவு நாள் உள்ளே இருந்தார்கள் என்பது. ஒரு மாதம் எல்லாவற்றையும் பார்த்துக் குறித்தார்கள். அதன் பிறகு நான்கு மாதம் கூடவே நின்று ஒவ்வொன்றாகச் செயல்படுத்தினார்கள். ஒப்பிடுவதற்காக வைத்திருந்த ஆலைகளுக்கு அந்த முதல் ஒரு மாதம் மட்டும்தான். 'இதெல்லாம் சரியில்லை' என்று சொல்லிவிட்டுப் போனதால் அங்கே வந்த மாற்றம் மிகக் குறைவு. கூடவே நின்ற இடத்தில்தான் நடைமுறை மாறியது. இந்த வேலையைச் சந்தை விலைக்கு வாங்கியிருந்தால் ஒரு ஆலைக்குச் சுமார் 2.5 லட்சம் டாலர் ஆகியிருக்கும் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். ஒரு கம்பெனிக்குச் சராசரியாக 270 பேர் வேலை செய்த ஆலைகள் அவை. பத்துப் பேர் பட்டறைக்கு யார் அந்தச் செலவைச் செய்வார்கள்?

இன்னொன்றும் இருக்கிறது. 2017இல் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். பழக்கிவிட்ட நடைமுறைகளில் ஏறக்குறைய பாதி கைவிடப்பட்டிருந்தது. முக்கியக் காரணம் இரண்டு. பொறுப்பாக இருந்த மேனேஜர் வேலையை விட்டுப் போய்விட்டார், முதலாளிக்கு உட்கார்ந்து கவனிக்க நேரமில்லை. அப்படியும், ஒப்பிடுவதற்காக வைத்திருந்த ஆலைகளை விட இவை நன்றாகவே இருந்தன. எனக்கு 17 சதவீதத்தை விட இந்தப் 'பாதி' கணக்குத்தான் முக்கியமாகப் படுகிறது. திரும்பிப் போய்ப் பார்த்ததால்தானே அது தெரிந்தது.

பெரம்பூர் பழைய சார்ஜ்மேன்:
நல்ல விவாதம். நான் ரிட்டயர்டு சார்ஜ்மேன், ஷாப்பில் மேற்பார்வை பார்த்தவன். ஆனால் இதுவரை எழுதிய மூன்று பேரும் முதலாளியையும் ஆராய்ச்சியாளரையும் பற்றி மட்டும் பேசியிருக்கிறீர்கள். மெஷின் முன்னால் நிற்கிறவன் எங்கே?

நம்ம பெரம்பூரில்தான் 1918 ஏப்ரல் 27ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. தொடங்கியவர்கள் பி.பி.வாடியா, செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு. பின்னி மில் தொழிலாளர்கள் அன்றைக்கு முன்வைத்த குறைகளில் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்குக் கொடுத்த அரை மணி நேரம் போதவில்லை என்பது. கேட்டைத் தாண்டி வந்து, கை கழுவி, சாப்பிட்டு, மறுபடி உள்ளே போக வேண்டும். ஆபீஸில் உட்கார்ந்து பார்த்தால் அது ஒரு சின்ன நேரக் கணக்கு. கேட்டில் நின்று பார்த்தவனுக்குத்தான் அது என்னவென்று தெரியும். வேலை நேரத்தை அளக்கிற எந்த ஆராய்ச்சியானாலும் அளக்கப்படுகிறவனிடம் முதலில் பேச வேண்டும் என்று நான் நினைப்பது அதனால்தான்.

நான் வேலையில் இருந்தபோது ஸ்டாப் வாட்சோடு ஒருவர் வந்து நின்றால் ஷாப் முழுக்க வேகம் மாறிவிடும். ரேட்டைக் குறைக்க வந்திருக்கிறார் என்று நினைத்துச் சிலர் மெதுவாக ஓட்டுவார்கள், பேர் வாங்க நினைக்கிறவர்கள் வேகமாக ஓட்டுவார்கள். எழுதிக்கொண்டு போன நம்பர் உண்மையான நம்பராக இருக்காது. அமெரிக்காவில் ஹாதோர்ன் தொழிற்சாலையில் வெளிச்சத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் உற்பத்தி ஏறியது என்று எங்களுக்கு டிரெய்னிங்கில் சொல்லித் தந்தார்கள். கவனிக்கப்படுவதாலேயே மனிதன் மாறுகிறான் என்று.

தண்டையார்பேட்டை ஆய்வு மாணவி:
சார், தொழிலாளி பற்றி நீங்கள் சொன்னது இந்த விவாதத்தில் விடுபட்டிருந்த பெரிய விஷயம். ஹாதோர்னில் மட்டும் ஒரு சின்னத் திருத்தம். 1924இல் தொடங்கிய அந்த வெளிச்சச் சோதனைகளின் பழைய தரவைத் தேடி எடுத்து ஸ்டீவன் லெவிட், ஜான் லிஸ்ட் இருவரும் 2011இல் மறுபடி கணக்குப் பார்த்தார்கள். பாடப்புத்தகத்தில் சொல்கிற அளவுக்கு விளைவு அந்தத் தரவில் தெளிவாக இல்லை. ஸ்டாப் வாட்சைப் பார்த்து வேகம் மாறியதாக நீங்கள் சொன்னதை நான் மறுக்கவில்லை. அதை நீங்கள் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள்.

நீங்கள் சொன்ன ரேட் விஷயத்துக்கு நேரான ஓர் ஆய்வு பாகிஸ்தானின் சியால்கோட்டில் நடந்தது. கால்பந்து செய்கிற ஊர். ரெக்சினை வெட்டும் டை (அச்சு) ஒன்றைப் புது அமைப்பில் செய்து கொடுத்தார்கள். அதில் வெட்டினால் வீணாகும் துண்டு குறைகிறது. இலவசமாகக் கொடுத்தும் பெரும்பாலான பட்டறைகளில் அதைத் தொடவே இல்லை. விசாரித்தால், வெட்டுகிறவர்களுக்குப் பீஸ் ரேட் கூலி, வெட்டிய எண்ணிக்கைக்குத்தான் காசு. புது டையில் ஆரம்பத்தில் வேகம் குறையும், அதனால் கூலி குறையும். மிச்சமாகும் ரெக்சின் முதலாளிக்குத்தான் லாபம். அதனால் 'இது சரிப்பட்டு வராது' என்று அவர்கள் முதலாளியிடம் சொல்லிவிட்டார்கள், முதலாளியும் நம்பிவிட்டார். பிறகு சில பட்டறைகளில், புது டையில் வெட்டிக் காட்டுகிறவருக்கு ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளத்தைத் தருவதாகச் சொன்னார்கள். அந்தப் பட்டறைகளில் பயன்பாடு கூடியது. 2017இல் வெளியான ஆய்வு.

பெரம்பூர் பழைய சார்ஜ்மேன்:
அம்மா, இதைத்தான் நாங்கள் கேன்டீனில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். ஆய்வாக எழுதியிருக்கிறார்கள் என்று கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. புது முறை வருகிறதென்றால், பழகும் காலத்தில் கூலி குறையாது என்று முதல் நாளே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் பாதி எதிர்ப்பு அங்கேயே அடங்கிவிடும்.

எம்சி ரோடு ஜவுளிக்கடை:
நான் கடைக்காரி, பட்டறை எனக்குத் தெரியாது. பழைய வண்ணாரப்பேட்டை எம்சி ரோட்டில் நைட்டி, உள்பாவாடை, பிள்ளைகள் துணி வியாபாரம். கடைக்குப் பயன்படுகிற மாதிரி ஏதாவது ஆராய்ச்சி இருக்கிறதா தங்கச்சி? தீபாவளிக்கு முந்தின மாதம் தெருவே அடைபடும், ஆடித் தள்ளுபடி முடிந்ததும் கொஞ்ச நாள் வெறிச்சென்று கிடக்கும். இதற்கு நடுவில் கணக்கு எழுதக் கற்றுக்கொள்ளுங்கள் என்று ஒரு பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். போனேன். பற்று, வரவு, இருப்புநிலைக் குறிப்பு என்று பலகை முழுக்க எழுதினார்கள். திரும்பி வந்து கடையைத் திறந்தால் எதை வைத்துத் தொடங்குவது என்று தெரியவில்லை. எங்கள் கணக்குப்பிள்ளை எழுதுகிற சிட்டையே எனக்குப் போதுமானதாக இருந்தது.

தண்டையார்பேட்டை ஆய்வு மாணவி:
அக்கா, உங்கள் பயிற்சியில் நடந்ததையே ஆய்வு செய்திருக்கிறார்கள். டொமினிகன் குடியரசில் சிறுகடைக்காரர்களை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு முறையான கணக்கியல் பாடம், இன்னொரு பகுதிக்கு எளிய சில விதிகள் மட்டும், மூன்றாவது பகுதிக்கு எதுவும் இல்லை. எளிய விதிகளில் முக்கியமானது: வீட்டுப் பணத்துக்கு ஒரு டிராயர், கடைப் பணத்துக்கு ஒரு டிராயர். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எடுத்தால் ஒரு சீட்டு எழுதிப் போட வேண்டும். கணக்கியல் பாடம் படித்தவர்களிடம் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை. இரண்டு டிராயர் விதியைப் பழகியவர்களிடம் பணம் கையாளுவது மேம்பட்டது. அலெஹாந்த்ரோ ட்ரெக்ஸ்லர், கிரெக் பிஷர், ஆன்டோனெட் ஷோர் செய்தது, 2014இல் வெளியானது.

கென்யாவில் இன்னொன்று. சின்னக் கடைகளில் சில்லறை இல்லாததால் எவ்வளவு வியாபாரம் போகிறது என்று வாரா வாரம் போய்க் கேட்டார்கள். லாபத்தில் 5 முதல் 8 சதவீதம் வரை அப்படியே போகிறது என்று கணக்கு வந்தது. வேடிக்கை என்னவென்றால், கேட்டதாலேயே கடைக்காரர்கள் சில்லறை கூடுதலாக வைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

எம்சி ரோடு ஜவுளிக்கடை:
இது நன்றாக இருக்கிறது! ஆனால் இங்கே இன்றைக்குச் சில்லறைத் தொல்லை குறைந்துவிட்டது, எல்லோரும் போனை நீட்டி ஸ்கேன் செய்துவிடுகிறார்கள். எனக்குப் போகிற வியாபாரம் சைஸ் இல்லாததால் போகிறது. 'எக்ஸ்எல் இல்லையா?' என்று கேட்டுவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள். எத்தனை பேர் அப்படிப் போனார்கள் என்று யாரும் எழுதி வைப்பதில்லை. விற்றதற்குத்தான் பில் இருக்கிறது, விற்காமல் போனதற்குப் பில் கிடையாதே. கென்யா கேள்வியை அப்படியே இங்கே கொண்டுவந்தால் உதவாது. சில்லறை இருந்த இடத்தில் சைஸைப் போட்டுக் கேட்டால் உதவும். கல்லாப்பெட்டி பக்கத்தில் ஒரு நோட்டு வைத்து, கேட்டு இல்லாமல் போன சைஸுக்கு ஒரு கோடு போடச் சொல்லலாம் என்று தோன்றுகிறது. நாளைக்கே வைக்கிறேன்.

இரண்டு டிராயர் விஷயம் எங்கள் மாமியாருக்கு எந்த ஆராய்ச்சியும் இல்லாமலே தெரியும். கடைக்காசில் வீட்டுக்குப் பால் வாங்க விடமாட்டார்கள்.

எண்ணூர் மெயின்டனன்ஸ்:
நான் எண்ணூர் பக்கம் ஒரு பெரிய தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். வியாசை அண்ணன் கேட்ட செட்டிங் நேரத்துக்கு என்னால் முடிந்ததைச் சொல்கிறேன். ஷிகியோ ஷிங்கோ என்ற ஜப்பானியப் பொறியாளர் டொயோட்டாவில் 1969இல் ஒரு ஆயிரம் டன் பிரஸ்ஸின் டை மாற்றுகிற நேரத்தை நான்கு மணி நேரத்திலிருந்து முதலில் ஒன்றரை மணி நேரத்துக்கும் பிறகு மூன்று நிமிடத்துக்கும் கொண்டுவந்தார். அதற்கு அவர் முதலில் புது இயந்திரம் வாங்கவில்லை. மெஷின் நின்றால்தான் செய்ய முடிகிற வேலை எது, ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்து வைக்கக்கூடிய வேலை எது என்று பிரித்தார்.

இதை உங்கள் லேத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு ஜாப் முடிகிறது. ஆபரேட்டர் மெஷினை நிறுத்திவிட்டு அடுத்த டிராயிங்கை ஆபீஸில் போய்க் கேட்கிறார். ஜா (வேலைத்துண்டைப் பிடிக்கிற தாடை) மாற்ற ஆலன் கீ தேடுகிறார், அது மில்லிங்கில் இருக்கிறது. இன்செர்ட் (வெட்டும் முனை) தீர்ந்திருக்கிறது, கடைப் பையன் வாங்கப் போகிறான். அளக்கிற வெர்னியர் இன்னொருவர் கையில். மெட்டீரியல் இன்னும் கட்டிங்கிலிருந்து வரவில்லை. இத்தனை நேரமும் மெஷின் சும்மா நிற்கிறது. உண்மையில் மெஷின் நின்றாக வேண்டிய வேலை ஜா மாற்றுவதும், டூல் கட்டி ஜீரோ எடுப்பதும், முதல் பீஸ் அளந்து பார்ப்பதும் மட்டும்தான். மற்றதெல்லாம் முந்தின ஜாப் ஓடும்போதே டிரேயில் எடுத்து வைத்துவிடலாம்.

பெரிய கம்பெனியில் இதற்கென்று ஆள், போர்டு, மீட்டிங் எல்லாம் உண்டு. சின்னப் பட்டறைக்கும் வீணைக் குறைக்க உதவும் ஒன்றிய அரசின் லீன் திட்டம் இருக்கிறது. 2023 மார்ச்சில் புதுப்பித்தார்கள், ஆலோசகர் செலவில் 90 சதவீதத்தை அரசு ஏற்கிறது. உத்யம் (சிறுதொழிலுக்கான அரசுப் பதிவு) வேண்டும்.

மாதவரம் வாத்தியார்:
கல்லூரி ஆசிரியன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல வேண்டும்.

மேலாண்மைப் படிப்பு எப்போதும் இப்படி இருந்ததில்லை. அமெரிக்காவில் 1959இல் ஃபோர்டு அறக்கட்டளையும் கார்னகி அறக்கட்டளையும் தனித்தனியாக அறிக்கை வெளியிட்டு, வணிகப் பள்ளிகளில் பாடம் மேலோட்டமாக இருக்கிறது, ஆராய்ச்சி இல்லை என்று கடுமையாகச் சொன்னார்கள். அதன் பிறகு புள்ளியியல், பொருளாதாரம், உளவியல் எல்லாம் உள்ளே வந்தன. நல்லதுதான். ஆனால் ஆசிரியரை எடைபோடுவது ஆய்விதழில் வந்த கட்டுரையை வைத்து என்று ஆனது. 1993இலேயே அமெரிக்க மேலாண்மைக் கழகத்தின் தலைவராக இருந்த டொனால்ட் ஹாம்ப்ரிக், நாம் நமக்குள்ளேயே எழுதி நமக்குள்ளேயே படித்துக்கொள்கிறோம் என்ற கவலையைத் தன் தலைமை உரையில் வைத்தார். நம் நாட்டில் 2010இல் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) ஆசிரியர் பதவி உயர்வுக்குப் புள்ளிக் கணக்கைக் கொண்டுவந்தது. கட்டுரைக்கு இத்தனை புள்ளி, கருத்தரங்குக்கு இத்தனை. வியாசர்பாடியில் ஒரு பட்டறையோடு ஒரு வருடம் உட்கார்ந்து ரிஜெக்‌ஷனைக் குறைத்துக் கொடுத்த ஆசிரியருக்கு அந்த அட்டவணையில் இடம் ஏது? பதவி உயர்வு எதற்குக் கிடைக்கிறதோ, ஆசிரியரின் நேரம் அதற்குத்தான் போகும்.

ஆனால் இதே மண்ணில் வேறு மாதிரியும் நடந்திருக்கிறது, அதை நாம் மறந்துவிட்டோம் என்பதுதான் என் வருத்தம். அகமதாபாத்தில் 1947இல் விக்ரம் சாராபாய் முன்னின்று அட்டிரா என்ற நெசவுத்துறை ஆராய்ச்சிச் சங்கத்தைத் தொடங்கினார். நம் கோயம்புத்தூரில் 1956இல் அதே மாதிரிச் சங்கமான சிட்ரா வந்தது. மில்கள் அதில் உறுப்பினர்கள். சிட்ரா செய்கிற வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது, மில்லுக்கு மில் ஒப்பிடுகிற கணக்கு. இத்தனை நூற்புக் கதிருக்கு எத்தனை ஆள், இந்தக் கவுண்ட்டுக்கு (நூலின் மென்மை அளவு) எவ்வளவு உற்பத்தி, எவ்வளவு கழிவு என்று மற்ற மில்களோடு தன் மில்லை வைத்துப் பார்க்கலாம். தான் எங்கே நிற்கிறோம் என்று மில்காரருக்குத் தெரியும். கேள்வி மில்லிலிருந்து வருகிறது, பதிலும் மில்லுக்கே போகிறது.

அகமதாபாத் காலிகோ மில்லில் 1953இல் லண்டன் டேவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த ஏ.கே.ரைஸ் செய்த சோதனையும் அதே வகைதான். தானியங்கித் தறி வந்தும் உற்பத்தி ஏறவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு வேலை, யார் யாரோடு சேர்ந்தவர் என்பதே தெளிவில்லை. ஒரு சின்னக் குழு, அதற்கென்று ஒரு தொகுதித் தறி என்று மாற்றலாமா என்று பேசினார்கள். குழுவைப் பிரித்துக்கொள்வதைத் தொழிலாளர்களே கையில் எடுத்துக்கொண்டார்கள். துணியின் அளவும் தரமும் மேம்பட்டன. 1970இல் எரிக் மில்லர் திரும்பப் போனபோது ஓர் இடத்தில் அந்த முறை பெருமளவு அப்படியே இருந்தது, மற்ற இடங்களில் கரைந்துபோயிருந்தது. சார்ஜ்மேன் சார் சொன்னதுபோல் தொழிலாளி கையில் கொடுத்த இடம் அது.

வடசென்னையில் எத்தனை லேத் பட்டறை, எத்தனை பேப்ரிகேஷன்! இவற்றுக்கு ஒரு சிட்ரா கிடையாது. ஒரு பட்டறையின் செட்டிங் நேரம் பக்கத்துப் பட்டறைக்குத் தெரியாது.

மண்ணடி இரும்புக்கடை:
வாத்தியார் ஐயா, அது தெரியாமல் இருப்பதுதான் நல்லது என்று நினைக்கிறவர்கள்தான் இங்கே அதிகம். என் ரேட் பக்கத்துக் கடைக்குத் தெரிந்தால் நாளைக்கே கஸ்டமர் அங்கே போய்விடுவான். மில் முதலாளிகள் சங்கம் வைத்து உட்கார்ந்தார்கள் சரி. எங்களால் முடியுமா?

தண்டையார்பேட்டை ஆய்வு மாணவி:
நியாயமான பயம் அண்ணா. சீனாவின் நான்சாங் நகரில் ஜிங் காய், ஆடம் ஸைடில் இருவரும் 2,820 சிறு நிறுவனங்களை வைத்து இதைச் சோதித்தார்கள். குலுக்கலில் எடுத்தவர்களைச் சுமார் பத்துப் பத்துப் பேராகப் பிரித்து, ஒரு வருடம் மாதத்துக்கு ஒரு முறை ஒருவர் இடத்தில் ஒருவர் கூடிப் பேச வைத்தார்கள். பேராசிரியர் பாடம் எடுக்கவில்லை, அவர்களே பேசிக்கொண்டார்கள். விற்பனை 8.1 சதவீதம் கூடியது, கூட்டம் முடிந்த பிறகும் அது நிலைத்தது. போட்டிக்காரர்கள் அதிகம் இருந்த குழுவில் சில விஷயங்கள் குறைவாகவே பகிரப்பட்டன என்பதையும் அவர்கள் பார்த்திருக்கிறார்கள். அதனால் நீங்கள் சொல்வதும் உண்மைதான். குழுவை அமைக்கும்போது அதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

கொலம்பியாவில் வாகன உதிரி செய்கிற நிறுவனங்களில் இன்னும் நேராக ஒரு சோதனை. சிலருக்குத் தனித்தனி ஆலோசகர், சிலருக்கு மூன்று முதல் எட்டு நிறுவனங்கள் சேர்ந்து ஒரே ஆலோசகர். குழு முறைக்கு ஆன செலவு தனி முறையில் மூன்றில் ஒரு பங்குதான். நடைமுறை மேம்பாடோ இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. மும்பை ஆய்வைப் படித்துவிட்டு 'எங்களுக்குக் கட்டாது' என்று நினைக்கிறவர்களுக்கு இதுதான் பதில் என்று நினைக்கிறேன்.

பணம் வராதது பற்றி நீங்கள் முதலில் எழுதியதற்கு என்னிடம் ஆறுதலான ஆய்வு எதுவும் இல்லை. அது சட்டத்தையும் வாங்குகிறவரின் பலத்தையும் பொறுத்தது, பட்டறைக்குள் எதை மாற்றினாலும் தீராது. சேர்ந்து உட்கார்ந்தால் எந்தப் பார்ட்டி எத்தனை நாள் இழுக்கிறார் என்றாவது ஒருவருக்கொருவர் தெரியும்.

மண்ணடி இரும்புக்கடை:
சரி. அந்த ஒன்றுக்காகவே நான் வருவேன்.

வியாசை பட்டறை:
எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. இதைப் படிக்கும்போது தோன்றியதைச் சொல்கிறேன். ஆராய்ச்சியை எளிய தமிழில் எழுதிக் கொடுத்தால் போதும் என்றுதான் இதுவரை நினைத்தேன். ஆனால் ஆராய்ச்சி பலன் தந்த பல இடங்களில் யாரோ ஒருவர் வந்து தங்கியிருக்கிறார், மறுபடியும் வந்திருக்கிறார். மொழியை விட அதுதான் இங்கே குறைகிறது.

ஆளெடுப்பது பற்றியும் கேட்க நினைத்தேன். புது டர்னர் (லேத் ஓட்டுபவர்) வந்தால் நான் சர்டிபிகேட் பார்ப்பதை விட, ஒரு திரெட் (மரை) வெட்டிக் காட்டச் சொல்வேன். இது சரியான முறைதானா?

மாதவரம் வாத்தியார்:
தாராளமாகத் தொடருங்கள். வேலையையே செய்து காட்டச் சொல்வது நம்பகமான தேர்வு முறைகளில் ஒன்று என்று ஆய்வுகளும் சொல்கின்றன. சும்மா உட்கார்ந்து பேசி ஆளை எடைபோடுவது பலவீனமான முறை. எல்லோரிடமும் அதே கேள்விகளை அதே வரிசையில் கேட்டால் பேச்சும் உதவும். இந்த விஷயத்தில் பட்டறைக்காரர் முன்னால் இருக்கிறார். இந்த மாதிரிச் செய்திகளும் எங்கள் பக்கம் வந்து சேர வேண்டும்.

தண்டையார்பேட்டை ஆய்வு மாணவி:
எனக்கு ஒரு யோசனை. வியாசை அண்ணா, உங்கள் எஸ்டேட்டிலும் கொடுங்கையூரிலும் சேர்த்து நான்கைந்து பட்டறைகள் சம்மதித்தால் செட்டிங் நேரத்தை மட்டும் எடுத்துப் பார்க்கலாம். நேரடியாகப் போட்டியில்லாத பட்டறைகளாக இருந்தால் நல்லது: ஒன்று ரயில் பாகம், ஒன்று பம்ப், ஒன்று மோல்டு. ரேட், கஸ்டமர் பெயர் எதையும் கேட்க மாட்டேன். கேள்வித்தாளும் கிடையாது. என் ஆய்வு கைடிடம் பேசிவிட்டேன், ஒப்புக்கொண்டார்.

பெரம்பூர் பழைய சார்ஜ்மேன்:
நானும் வருகிறேன். ஆனால் இரண்டு நிபந்தனை. ஸ்டாப் வாட்ச் வேண்டாம், ஆபரேட்டரே சாக்கட்டியால் போர்டில் எழுதட்டும். எழுதின நம்பரை வைத்து யாருடைய கூலியையும் ஓவர்டைமையும் தொடக்கூடாது, அதை முதலாளி அவர்கள் முன்னாலேயே சொல்ல வேண்டும்.

வியாசை பட்டறை:
சம்மதம் ஐயா. என் பட்டறையில் நானே சொல்கிறேன். பக்கத்தில் இரண்டு பேரிடம் பேசினேன், ஒருவர் சரி என்றார், ஒருவர் யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

எண்ணூர் மெயின்டனன்ஸ்:
போர்டில் ஐந்து கட்டம் போதும்: ஜாப் பெயர், மெஷின் நின்ற நேரம், முதல் நல்ல பீஸ் வந்த நேரம், நடுவில் எதற்காகக் காத்திருந்தோம், யார் எழுதியது. நான்காவது கட்டத்துக்கு எழுத்து வைத்துவிடுங்கள்: டிராயிங்குக்கு 'டி', டூலுக்கு 'டூ', மெட்டீரியலுக்கு 'மெ', அளவு பார்க்க 'அ', கரண்டுக்கு 'க'. கை அழுக்கோடு நீளமாக யாரும் எழுத மாட்டார்கள். முதல் இரண்டு வாரம் எதையும் மாற்றாமல் எழுத மட்டும் செய்யுங்கள். எனக்கு ஞாயிறு லீவு, எந்தப் பட்டறைக்கும் வருகிறேன்.

தண்டையார்பேட்டை ஆய்வு மாணவி:
மிக்க நன்றி அண்ணா. இந்தக் கட்டங்களையே எடுத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு பட்டறையின் கணக்கையும் முதலில் அந்தப் பட்டறை ஆட்களிடமே ஒரு தாளில் கொடுப்பேன். மற்றவர்களுக்குக் காட்டும்போது பெயர் இல்லாமல் அ, ஆ, இ என்றுதான் இருக்கும். கட்டுரை எழுதுவது அதற்குப் பிறகு. ஆறு மாதம் கழித்து ஒரு முறையும், ஒரு வருடம் கழித்து ஒரு முறையும் வந்து அதே போர்டைப் பார்ப்பதை ஆய்வுத் திட்டத்திலேயே எழுதிச் சேர்த்துவிட்டேன். ஜவுளிக்கடை அக்கா, உங்கள் சைஸ் நோட்டையும் இதோடு சேர்க்கலாமா?

எம்சி ரோடு ஜவுளிக்கடை:
சேர்த்துக்கொள் தங்கச்சி. நோட்டு வைத்தாகிவிட்டது. சனிக்கிழமை கூட்டத்தில் கடைப் பெண்கள் கோடு போட மறந்துவிடுகிறார்கள், அதற்கு என்ன செய்யலாம் என்று மட்டும் சொல். மதியம் இரண்டு மணிக்கு மேல் வா, கடை கொஞ்சம் ஓய்வாக இருக்கும்.